மனோ ரீச்சர் சொல்லாத பகிடி

கறுப்புத் திரைக்குள்

வெளியே உள்துறைமுக வீதியில் கண் கூசுகிற வெயில். மண்டபத்துக்குள் நடுச்சாமம். யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, மேடையின் பின்பக்கம் ஒரு பெரிய பலகையில் நிலவையும் துறைமுகத்து விளக்குகளையும் கீறி வைத்திருந்தார்கள். காலையில் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வந்த நாங்கள், கதிரைகளில் நிரையாக இருந்து, நித்திரை வராத இரவுக்காரர்களைப் போலக் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

“பத்தரைக்குப் பிறகு” என்கிற இரவு நிகழ்ச்சியை வீட்டில் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என்ன செய்வது, அந்த இரவு முழுக்கப் பகலில்தான் தயாராகிறது. கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற விருந்தினர் பின்னேரமே திரும்பிப் போகவேண்டும். வயலின் வாசிக்கிறவருக்குப் பின்னேரம் தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்குகிற வேலை. ஆகவே ஒவ்வொரு புதன்கிழமைக் காலையிலும் எங்கள் ஊரில் ஒரு மண்டபத்துக்குள் மட்டும் இருட்டிவிடும்.

அன்று விருந்தினர் கதிரையில் கொழும்பிலிருந்து வந்த ஒரு தொலைக்காட்சி நாடக நடிகர். பக்கத்துக் கதிரையில் என் மனைவி. நிகழ்ச்சியை நடத்துகிற ஜெரோம் எங்கள் ஊர்க்காரன், நல்ல வாய்க்காரன். அவன் சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான்.

“ரீச்சர், இவர் நாற்பது வயசிலதான் நீச்சல் பழகினவராம். உங்கட வீட்டில எப்பிடி? அண்ணை துறைமுகத்தில லோஞ்ச் ஓடுறவர். மீன் மாதிரி நீந்துவார், என்ன?”

என் பக்கத்தில் இருந்தவன் நிஸ்தார், லோஞ்ச் படகில் என்னோடு கயிறு பிடிக்கிற கிண்ணியாக்காரன். பின்வரிசையில் இறங்குதுறை ஆட்கள் ஒரு கூட்டமாக வந்து இருந்தார்கள். அந்த மண்டபத்தில் என்னையும் அவளையும் தவிர ஒருவருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது.

அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதுவதற்கு முன்னம் கொஞ்சம் பின்னால் போகவேண்டியிருக்கிறது. போன வாரம் இந்தப் பத்தியில் இயந்திரம் பழுதான கதையை எழுதியபோது, நான் சுற்றி வளைக்கிறேன் என்று ஒரு வாசகர் கோபித்திருந்தார். அவர் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மானும் மாலையும்

என் மனைவியின் பெயர் மனோன்மணி. அன்புவழிபுரத்தில் சின்னப்பிள்ளைகளுக்கு முன்பள்ளி நடத்துகிறாள். ஊருக்கு அவள் மனோ ரீச்சர்.

ஒரு வருடம் முன்பள்ளிக் கலைவிழாவில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. வண்ணாத்திப்பூச்சி உடுப்புப் போட்ட பிள்ளைகள் மேடையில் அழுகிறார்கள், தாய்தகப்பன் கீழே எழும்பி நிற்கிறார்கள். மனோ மேடையின் விளிம்பில் வந்து நின்று, வீட்டுக் கதைகளைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒலிபெருக்கி திருத்தி முடிந்த பிறகும் சனம் அவளை இறங்கவிடவில்லை. அந்த வண்ணாத்திப்பூச்சிகளில் ஒன்று ஜெரோமின் மகள். அடுத்த புதன்கிழமையே அவன் மனோவைத் தன் நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பாட்டு, விருந்தினர், பிறகு மனோ ரீச்சரின் வீட்டுக் கதை. இதுதான் ஒழுங்கு. அவள் ஒவ்வொரு பகிடியாகச் சொல்லி முடிக்கும்போதும் மேளக்காரத் தம்பி “டும் டிஷ்” என்று ஒரு அடி அடிப்பான். அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு கதாநாயகன்தான். அது நான்.

எங்கள் கலியாணத்தன்று கோட்டைப் பக்கம் படம் எடுக்கப் போயிருந்தோம். எங்கள் ஊர் மான்களைப் பற்றித் தெரியும்தானே, பஸ் நிலையத்துக்குள்ளும் வரும், ஆட்களுக்குப் பயப்படாது. அதில் ஒன்று வந்து என் கழுத்து மாலையைத் தின்னத் தொடங்கியது. நான் அசையாமல் நின்றேன். படக்காரன் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் என் கழுத்தில் நூல்தான் மிஞ்சியது.

“மாலையைக் கழட்டினா கலியாணம் முறிஞ்சுபோமெண்டு நிண்ட மனிசன். அந்த விசுவாசத்துக்குத்தான் நான் இண்டைக்கும் சமைச்சுப் போடுறன்” என்றாள் மேடையில். டும் டிஷ்.

நான் நின்றது பயத்தில் என்பது வேறு கதை.

நித்திரையிலும் நான் லோஞ்ச் ஓடுவேனாம். “பின்னால எடு, பின்னால எடு” என்று கத்துவேனாம். “நானும் கட்டில்ல பின்னால எடுத்து எடுத்து, ஒருநாள் நிலத்தில கிடந்தனான்” என்றாள். அது சனிக்கிழமை இரவு ஒளிபரப்பானது. திங்கட்கிழமை நான் இறங்குதுறைக்குப் போகிறேன், முகம் தெரியாத ஒருவன் கிரேனுக்கு மேலே இருந்து கத்துகிறான்: “அண்ணை, பின்னால எடுக்கட்டோ?” மீன் சந்தையில் மீன் வெட்டுகிற பெண் என்னைக் கண்டதும் கத்தியை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை. தலையைக் குனிந்துகொண்டு மீன் வாங்கிய நாட்கள் உண்டு. ஒருநாள் பொறுக்க முடியாமல் குசினிக்குள் போய்க் கேட்டுவிட்டேன்.

“உனக்கு என்னை விட்டா வேற கதை இல்லையோ?”

அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். “அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னா அடிக்க வருவினம். உங்களைச் சொன்னா நீங்கள் கோவிச்சுக்கொண்டு ரெண்டு நாள் கதைக்க மாட்டியள். வீடும் அமைதியா இருக்கும்.”

நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்கவில்லை. அதையும் அடுத்த புதன்கிழமை சொன்னாள்.

ஆனால் என்னைப் பயப்படுத்தியது மானும் கட்டிலும் இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த இருட்டு மண்டபத்தில் நான் வந்து இருந்ததற்குக் காரணம் ஒன்று இருந்தது. அவளிடம் என்னைப் பற்றி இன்னும் சொல்லாத பகிடி ஒன்று பாக்கி இருந்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம்

லோஞ்சில் சுக்கான் பிடிக்கிறவனுக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

நான் பாலையூற்றுப் பெடியன். நாங்கள் வளர்ந்த யுத்த காலத்தில் கடல் ஒரு முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த இடத்தில் இறங்கக்கூடாது, அந்த நேரத்தில் போகக்கூடாது, கும்பலாக நிற்கக்கூடாது. சனம் பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடாது. சைக்கிளில் போகும்போது கம்பிக்குள்ளால் அதைப் பார்ப்போம். கடலுக்கு இவ்வளவு கிட்ட வளர்ந்து, கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்தே பெரியவர்களான ஆட்கள் எங்கள் வயதில் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கடையிலும் கந்தோரிலும் வேலை செய்வதால் அது வெளியே தெரிவதில்லை. நான் போய் லோஞ்சில் ஏறிவிட்டேன்.

ஏறினது இயந்திரம் திருத்துகிறவனாகத்தான். துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்கு ஆட்களையும் மரக்கறியையும் கொண்டுபோகிற லோஞ்ச் அது. சுக்கான் பிடிக்கிறவர் காய்ச்சல் வருத்தமாய்ப் படுத்த நேரத்தில் என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். எனக்குக் கை வந்தது. கச்சான் காற்று உரத்து வீசுகிற நாளிலும் கப்பலின் பக்கத்தில் முட்டாமல் அணைத்துவிடுவேன். அதற்குப் பிறகு என்னை அந்த இடத்திலிருந்து யாரும் எழுப்பவில்லை. நீந்தத் தெரியுமா என்று முதலாளி கேட்கவில்லை. மேசனிடம் ஏணியில் ஏறத் தெரியுமா என்று யார் கேட்கிறார்கள்?

முதலில் சொல்லாமல் விட்டேன். பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. தண்ணீர் தெரியாதவனை நம்பி லோஞ்சைக் கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. சுக்கானை விட்டால் எனக்கு வேறு தொழிலும் இல்லை.

லோஞ்சில் ஏறுகிற ஒருவரையும் மிதவைச் சட்டை போடாமல் நான் கொண்டுபோக மாட்டேன். “எங்கட அண்ணன் சட்டம் எண்டா சட்டம்தான்” என்று நிஸ்தார் பெருமையாகச் சொல்வான். அந்தச் சட்டத்தில் முதல் சட்டை எனக்குத்தான். வெக்கைக் காலத்தில் எல்லோரும் குதித்து ஒரு முழுக்குப் போடும்போது, “இஞ்சின் பார்க்க ஆள் வேணும்” என்று நான் மேலே நின்றுவிடுவேன். இப்படியே காலம் ஓடியது.

மனோ நிலாவெளிக்காரி. அவள் வீட்டு ஆட்கள் கரைவலை இழுக்கிறவர்கள். நடக்க முன்னம் நீந்தினவள் என்று அவள் அம்மா சொல்வார். கலியாணம் முடித்த புதிதில் அவள் தம்பிமார் என்னைக் கடலுக்குக் கூப்பிட்டார்கள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தடிமல் பிடித்திருக்கிறது என்றேன், இருமிக் காட்டினேன். கரையில் இருந்த மனோ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “அவரை விடுங்கோடா, உண்மையாத் தடிமல்” என்று தம்பிமாரைக் கலைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்துதான் கேட்டாள். “தெரியாதோ?”

“தெரியாது.”

“நான் பழக்கட்டோ?”

“வேண்டாம்.”

பெண்சாதியிடம் நீச்சல் பழகுகிறதா என்ற வெட்கம். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவே இல்லை.

முத்துக்குளித்தவர்

இனி மண்டபத்துக்குத் திரும்புவோம்.

அந்த நடிகர் ஏதோ நாடகத்தில் முத்துக்குளிக்கிறவராக நடித்தாராம், அதற்காகத்தான் நீச்சல் பழகினாராம். “எனக்குத் தண்ணின்னா உயிர்ப் பயம். சின்னப் பிள்ளைங்க குளிக்கிற இடத்தில, கரையைப் பிடிச்சிக்கிட்டு அழுதேன்” என்றார். சனம் எழும்பி நின்று கைதட்டியது. வயலின்காரர் சோகமாக ஒரு இழுப்பு இழுத்தார், அதற்கும் ஒரு சிரிப்பு.

எனக்கு வயிறு எரிந்தது. அதே விஷயத்துக்கு அவர் மேலே கைதட்டு வாங்குகிறார், நான் கீழே வேர்த்துக்கொண்டு இருக்கிறேன்.

அப்போதுதான் ஜெரோம் அந்தக் கேள்வியைக் கேட்டான். மனோ ஒரு விநாடி என் பக்கம் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள். முன்பள்ளியில் கதை சொல்லத் தொடங்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள்.

“ஐயோ ஜெரோம், அவர் மீன்தான். நான்தான் அம்மிக்கல்லு. நிலாவெளியில பிறந்தும் முழங்காலுக்கு மேல இறங்கினதில்லை. தம்பியாக்கள் வந்து கூப்பிட்டா, தடிமல் எண்டு இருமிக் காட்டிப்போட்டுக் கரையில நிப்பன். இவர் பாவம், ‘வா, பழக்கிறன்’ எண்டு கேட்டவர். நான்தான் வெக்கத்தில மாட்டனெண்டனான்.”

டும் டிஷ். மண்டபம் சிரித்தது. இந்தமுறை என்னைப் பார்த்து இல்லை, அவளைப் பார்த்து. நிஸ்தார் என் காதுக்குள், “நிலாவெளியில பிறந்துபோட்டு தண்ணிக்குப் பயமா? ரீச்சர் அண்ணி சரியான ஆள்தான்” என்றான்.

என் இருமல், என் முழங்கால் தண்ணீர், என் வெட்கம். எல்லாவற்றையும் எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி இருந்தாள். என்னை ஊருக்கு விற்கிறாள் என்று நான் எத்தனை நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! எது பகிடி, எது பகிடி இல்லை என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மீன் சந்தையில் தலைகுனிந்ததெல்லாம் ஒரு வெட்கமா? அந்தக் கதிரையில் இருந்தபோது வந்ததுதான் வெட்கம்.

எழும்பிவிட்டேன். யோசித்து எழும்பவில்லை.

“அண்ணை எழும்பிட்டார்!” என்று ஜெரோம் கத்தினான். கமராக்காரன் என் பக்கம் திரும்பினான். யாரோ ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள்.

“அவ சொல்லுறது பொய்” என்றேன். “அவவுக்கு நல்லா நீந்தத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.”

மேளக்காரத் தம்பி தன் கடமையைச் செய்தான்.

டும் டிஷ்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த மண்டபத்தில் கேட்டதில்லை. பின்வரிசையில் காலால் நிலத்தை அடித்தார்கள். நிஸ்தார் கண்ணீர் வழிய என் முதுகில் குத்தினான். “லோஞ்ச் ஓடுறவருக்கு நீந்தத் தெரியாதாம்!” என்று ஜெரோம் மேசையில் சாய்ந்துவிட்டான்.

“உண்மையாத்தான் சொல்லுறன்” என்றேன். இன்னும் சிரித்தார்கள். “பகிடி இல்லை” என்றேன். அதற்கு வயலின்காரரே சிரிப்புத் தாங்காமல் வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

நடிகர் மேடையிலிருந்து இறங்கி வந்து கை தந்தார். “கொஞ்சம்கூடச் சிரிக்காம சொல்றீங்க பாருங்க, எங்களுக்கே அது வராது.”

மனோ மட்டும் சிரிக்கவில்லை. கமரா தன் பக்கம் வந்ததும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வீட்டில் இருந்து பார்த்தவர்கள் அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஓட்டோவில் நடந்த கதை

வீட்டுக்கு வரும்போது அவள்தான் முதலில் வாய் திறந்தாள்.

“ஏன் எழும்பினனீங்கள்? வேலை போனா என்ன செய்யிறது?”

“நீ ஏன் பொய் சொன்னனீ?”

“மானைச் சொல்லலாம், கட்டிலைச் சொல்லலாம். இதைச் சொல்ல ஏலுமோ? இது உங்கட சோறு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போவம். பழக்கிறன். இனி வெக்கம் கிக்கம் எண்டு ஒண்டும் கதைக்கப்படாது.”

நான் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை இரவு அது ஒளிபரப்பானது. முடிந்த கையோடு முதலாளி போன் எடுத்தார். “எப்பிடியடாப்பா உனக்கு இந்தப் பகிடியெல்லாம் வருது?” என்று அவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஜெரோமோ, இனிமேல் இருவரும் சோடியாக மேடையில் இருக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியும் அது பொய்யாய்ப் போனதை நினைக்க, எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

நிலாவெளியில்

ஞாயிறு காலை கடல் அமைதியாக இருந்தது. நான் பழைய காற்சட்டையும் பெனியனும். மனோ ஒரு நீளச் சட்டை. ஹோட்டல்களைத் தாண்டி, ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்கினோம். மிதவைச் சட்டை கொண்டுவருகிறேன் என்றதற்கு, அதோடு பழக ஏலாது என்று சொல்லிவிட்டாள்.

நெஞ்சளவு தண்ணீரில் என்னைக் குப்புறக் கிடத்தி, வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்தாள்.

“தலையைத் தூக்காதேங்கோ. காலை அடியுங்கோ. ஆ, அப்பிடித்தான், நல்ல பிள்ளை.”

முன்பள்ளிக் குரல். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த நேரம் பார்த்து வீதிப்பக்கம் ஒரு வான் வந்து நின்றது. சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஒரு குடும்பம் இறங்கியது. எங்கள் ஊர் ஆட்கள்தான். முன்னால் வந்த ஒரு பெண் எங்களைக் கண்டதும் கத்தினாள்.

“இஞ்ச பாருங்கோ, மனோ ரீச்சர்! நீந்தத் தெரியாத அண்ணையும் நிக்கிறார்! பகிடிப் படம் எடுக்கினம்!”

போனைத் தூக்கிப் பதிவு செய்யத் தொடங்கிவிட்டாள். மற்றவர்களும் கரையில் வரிசையாக வந்து நின்றார்கள்.

எனக்குக் கரைக்கு ஓடவேண்டும் போல இருந்தது. மனோவின் கையை விலக்கிக்கொண்டு எழும்பினேன். எந்தப் பக்கம் காலை வைத்தேனோ தெரியாது, அங்கே மண் இல்லை. அலை வெட்டின பள்ளம். நான் போய்விட்டேன்.

மேலே வந்தேன், வாய் நிறைய உப்பு. திரும்பக் கீழே. காது அடைத்துத் திறந்தபோது கரையில் கைதட்டுவது கேட்டது.

“மனிசன் தாழுது!” என்று மனோ கத்தினாள். “பகிடி இல்லை! ஆராவது வாங்கோ!”

அவள் குரலுக்கு அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனோ ரீச்சர் அல்லவா சொல்கிறாள்! அவள் கத்தக் கத்தச் சிரிப்புக் கூடியது. “ரீச்சர், இன்னொருக்கா!” என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் உண்மையாகவே தாழ்ந்துகொண்டிருந்தேன்.

அவள் தனியாகத்தான் வந்தாள். என் தலைமயிரைப் பிடித்தாள், பிறகு பெனியனைப் பிடித்தாள். நான் அவளையும் கீழே இழுத்திருக்கிறேன், கழுத்தில் என் நகம் பட்ட காயம் பிறகுதான் தெரிந்தது. எப்படியோ இழுத்துக்கொண்டு வந்து மண்ணில் போட்டாள். குப்புறக் கிடந்து சத்தியெடுத்தேன். உப்புத் தண்ணீரும் காலைத் தேத்தண்ணீரும் வந்தது.

சிரிப்பு உடனே நிற்கவில்லை. முன்னால் நின்றவர்கள் முதலில் நிறுத்தினார்கள், பின்னால் நின்றவர்கள் கொஞ்சம் பிந்தி. பிறகு அலைச் சத்தம் மட்டும். ஒரு ஐயா தன் துவாயை எடுத்துவந்து என் முதுகில் போட்டார்.

அந்தப் பெண் கிட்ட வந்து குனிந்தாள். முகம் வெளிறியிருந்தது.

“அண்ணை, உங்களுக்கு உண்மையாத் தெரியாதோ?”

மனோவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாயைத் திறந்தாள். எனக்கு அந்த வாயைத் தெரியும். தடிமல், தலைச்சுற்று, ஏதாவது ஒன்றைச் சொல்லி என்னைக் காப்பாற்றப்போகிறாள்.

“ஓம் தங்கச்சி” என்றேன் நான் முந்திக்கொண்டு. “எனக்குத் தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்லை.”

அந்தப் பெண்ணின் கையில் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. மனோ அதைத் தட்டிவிடக் கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.